கண்டும் காணாமல்

அன்புள்ள ஐயா,
ஆங்கில நாவல் ஒன்றை மொழிபெயர்த்துப் பழகிவருகிறேன். அதில் கடத்தல் மூட்டைகளைத் தடுக்காமல் விடும் சுங்க அதிகாரியைப் பற்றி 'டர்ன்ட் எ ப்ளைண்ட் ஐ' என்று வருகிறது. 'குருட்டுக் கண்ணைத் திருப்பினார்' என்று எழுதினேன், நண்பர்கள் சிரிக்கிறார்கள். அகராதியில் 'புறக்கணித்தல்' என்று இருக்கிறது. அதைப் போடலாமா? நல்ல அகராதி எது?
எஸ்.

அன்புள்ள எஸ்.,
அகராதிக் கேள்வியை விடுங்கள். கையில் இருப்பதே போதும். நண்பர்கள் சிரித்ததும் நியாயம்தான். ஆனால் அந்தக் குருட்டுக் கண்ணைவிட மோசமானது, நீங்கள் மாற்றாக நினைக்கும் 'புறக்கணித்தல்'.

இத்தொடரோடு சேர்த்துச் சொல்லப்படுவது பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சனின் கதை. 1794இல் கோர்சிகாத் தீவின் கால்வி முற்றுகையில் அவர் வலக்கண் பார்வையை இழந்தார். 1801 ஏப்ரல் 2 அன்று கோபன்ஹேகன் கடற்போரில், தலைமைத் தளபதி ஹைட் பார்க்கரின் கப்பலில் போரை நிறுத்தச் சொல்லும் கொடி ஏறியபோது, நெல்சன் தொலைநோக்கியை அந்தக் குருட்டுக் கண்ணில் வைத்து, எனக்குக் கொடி எதுவும் தெரியவில்லை என்றாராம். புறக்கணிப்பவனுக்கு இந்தச் சிரமமெல்லாம் எதற்கு? அங்கே கொடி ஏறியிருப்பது தெரிந்ததால்தானே அவருக்குக் குருட்டுக் கண் தேவைப்பட்டது! இதைத்தான் நாம் 'கண்டும் காணாமல்' என்கிறோம். அந்த 'உம்' இருக்கிறதே, அதில் பார்த்தாயிற்று என்ற ஒப்புதல் இருக்கிறது. 'புறக்கணித்தல்' என்று எழுதினால் முதலில் காணாமல் போவது அதுதான். வீட்டில் தினமும் பேசுகிற சொல்லை விட்டுவிட்டு அகராதியைப் புரட்டிய உங்களை என்ன சொல்வது?

ஆங்கிலத்தில் இத்தொடர் பெரும்பாலும் குற்றச்சாட்டாகவே வரும். தமிழில் அப்படியில்லை. உறியிலிருந்து நான் வெல்லம் எடுக்கும்போது, வாசற்படியில் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருக்கும் என் அப்பத்தா முறத்தைவிட்டுத் தலை நிமிரவே மாட்டாள். ஒருநாள் எட்டாமல் முக்காலிமேல் ஏறித் தடுமாறினேன். அப்போதும் அவள் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் உறி ஒரு சாண் தாழ்ந்து தொங்கியது. அவளுக்கும் கண்டும் காணாமல்தான், மாமூல் வாங்கிக்கொண்டு லாரியை விடுகிறவனுக்கும் கண்டும் காணாமல்தான்.

ஆகவே உங்கள் அதிகாரி 'கண்டும் காணாததுபோல் இருந்துவிட்டார்' என்றே எழுதுங்கள். அதற்கு முன் நாவலின் முந்தைய பக்கங்களைத் திருப்பி, அவர் அந்த மூட்டைகளை எந்த இடத்தில் பார்த்தார் என்று தேடுங்கள். அந்த இடத்தை நீங்கள் சரியாக மொழிபெயர்க்கவில்லையென்றால் இந்த வாக்கியமும் நிற்காது.