டீச் செடி வாங்கும் முன் இலையைத் திருப்பிப் பாருங்கள்

வழக்கமாக இந்தப் பகுதிக்கு மிக்ஸி, இன்வெர்ட்டர், நகைச் சீட்டு என்றுதான் கேள்விகள் வரும். இந்த முறை பாதிக்கு மேல் டீச் செடி. வேலூர் வெயிலில் டீச் செடியா என்று சிரிக்க வேண்டாம். நானும் இரண்டு முறை வாங்கியிருக்கிறேன். முதல் செடி செத்த கதை கீழே வருகிறது.

கேள்வி (சத்துவாச்சாரியிலிருந்து ஓர் அம்மா): ஆன்லைனில் "ஒரிஜினல் நீலகிரி டீ பிளான்ட்" என்று போட்டிருந்ததை நம்பி இரண்டு செடி 649 ரூபாய்க்கு வாங்கினேன். இலை கட்டைவிரல் நகம் அளவுதான் இருக்கிறது. கசக்கி மோந்தால் டீ வாசனையே இல்லை. இப்போது பொடிப்பொடியாக வெள்ளைப் பூ வேறு. இது டீச் செடிதானா? திருப்பி அனுப்பக் கேட்டால், "உயிருள்ள செடிக்கு ரிட்டர்ன் கிடையாது" என்கிறார்கள்.

பதில்: முதலில் வாசனை விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன் அம்மா. அசல் டீச் செடியின் இலையைக் கசக்கினாலும் டீ வாசனை வராது, பச்சைப் புல் வாசனைதான் வரும். நமக்குத் தெரிந்த மணம் இலையை வாட்டி, உருட்டி, காற்றுபட வைத்து, உலர்த்திய பிறகு வருவது. அதனால் வாசனையை வைத்து எந்தச் செடியையும் ஏற்கவும் வேண்டாம், ஒதுக்கவும் வேண்டாம்.

ஆனால் நீங்கள் அனுப்பிய படத்தில் இருப்பது டீச் செடி இல்லை. போன்சாய் வளர்ப்பவர்கள் "ஃபுகீன் டீ" என்று சொல்லும் புதர் அது. தமிழ்நாட்டுப் புதர்க்காடுகளில் தானாகவே வளர்வது, வேலிக்கும் வைப்பார்கள். இலை சின்னது, பளபளப்பானது, நுனிப்பக்கம் அகன்று அங்கே மட்டும் இரண்டு மூன்று பல் இருக்கும். கொஞ்ச நாளில் பட்டாணி அளவில் சிவப்புப் பழம் பிடிக்கும், பாருங்கள். பிலிப்பைன்ஸில் இதன் இலையைக் காய்ச்சிக் குடிக்கிறார்கள் என்பது நிஜம். விற்றவர் நாளைக்கு அதைச் சொல்லித் தப்பிக்கப் பார்ப்பார். "நீலகிரி" என்று எழுதியவர் அதைச் சொல்ல முடியாது.

அசல் டீ இலை விரல் நீளம் இருக்கும். விளிம்பு முழுக்க ரம்பப் பல். நரம்புகள் விளிம்பைத் தொடாமல் அதற்கு முன்பே வளைந்து ஒன்றோடொன்று சேர்ந்துகொள்ளும். கொழுந்தைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தால், விரியாத மொட்டிலும் இளம் இலையின் அடியிலும் வெள்ளி மாதிரி மெல்லிய ரோமம் தெரியும். பூத்தால் நாணயத்தைவிடப் பெரிய வெள்ளைப் பூ, நடுவில் மஞ்சள் மகரந்தத் தாள்கள் கொத்தாக.

இனி பணம். "செடிக்கு ரிட்டர்ன் இல்லை" என்பது கடைக்காரர் போட்டுக்கொண்ட விதி. 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்ப எடுக்க மாட்டேன் என்றோ, பணம் தர மாட்டேன் என்றோ விற்பவர் சொல்லக் கூடாது. ஒரு செடி வழியில் வாடிவிட்டது என்றால் வாதத்துக்கு இடமுண்டு. வேறு செடியையே அனுப்பிவிட்டு எப்படி வாதாடுவது?

விற்பனைப் பக்கம் காணாமல் போவதற்குள் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். அப்புறம் இலை, பூ, பார்சல் லேபிள் மூன்றையும் படம் பிடித்து, அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். போனில் கத்துவதால் பயனில்லை, எழுத்தில்தான் கொடுக்க வேண்டும். 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்தது என்று அவர் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். நகரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பெரும்பாலான சின்னத் தொகை இந்த இடத்திலேயே திரும்பிவிடும். அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி, விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். 649 ரூபாய்க்கு அவ்வளவு தூரம் போவீர்களா என்பது உங்கள் இஷ்டம். நானாக இருந்தால் 1915-ஓடு நிறுத்திக்கொண்டு, அந்தச் செடியை வாசலில் வேலியாக வைத்துவிடுவேன். அழகான செடிதான், பாவம், அதன் மேல் என்ன குற்றம்!

கேள்வி (காட்பாடியிலிருந்து ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர்): நம் ஊர் மண்ணிலும் போர் தண்ணீரிலும் டீச் செடி பிழைக்குமா? எங்கே வாங்கலாம்?

பதில்: பிழைக்கும் சார், ஆனால் நம் மண்ணிலும் நம் போர் தண்ணீரிலும் இல்லை. எல்லாரும் வெயிலைத்தான் குறை சொல்கிறார்கள். என் முதல் செடியைக் கொன்றது வெயில் அல்ல, தண்ணீர்.

தை மாதம் வாங்கி சிமென்ட் தொட்டியில் வைத்தேன். ஒரு மாதம் ஜோராக இருந்தது. அப்புறம் புது இலை எல்லாம் மஞ்சளாக வர ஆரம்பித்தது, நரம்பு மட்டும் பச்சை. தொட்டியின் விளிம்பில் உப்பு மாதிரி வெள்ளையாகப் படிந்திருந்தது. வெயில் என்று நினைத்து இன்னும் இரண்டு சொம்பு போர் தண்ணீர் ஊற்றினேன். கத்திரி பிறப்பதற்குள் செடி குச்சியாகிவிட்டது.

டீச் செடிக்குப் புளிப்பு மண் வேண்டும். புளிப்பைக் காட்டும் பி.எச். அளவு (எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 4.5-லிருந்து 5.5-க்குள் இருந்தால் அதற்குக் கொண்டாட்டம். உங்கள் வீட்டு வாட்டர் ஹீட்டர் கம்பியில் சுண்ணாம்பு படிகிறது என்றால், அதே தண்ணீர் தொட்டி மண்ணிலும் அதே வேலையைச் செய்கிறது. ஊற்ற ஊற்ற மண்ணின் புளிப்பு போய்விடும். மண்ணில் இரும்புச் சத்து இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. அதுதான் அந்த மஞ்சள். போதாக்குறைக்கு சிமென்ட் தொட்டியும் சுண்ணாம்பைக் கசியவிடும். அழகுக்காக நர்சரியில் அதைத்தான் தலையில் கட்டுவார்கள், வாங்காதீர்கள். மண் தொட்டியோ குரோ பேக்கோ போதும், வாய் ஓரடிக்குக் குறையாமல் இருக்கட்டும்.

கலவைக்கு இரண்டு பங்கு கழுவிய தேங்காய் நார்க்கழிவு, ஒரு பங்கு செம்மண், ஒரு பங்கு மக்கிய இலை உரம். சாம்பலும் முட்டை ஓடும் இந்தச் செடிப் பக்கமே போகக் கூடாது. தண்ணீருக்கு மழை நீர்தான் முதல் தேர்வு. நம் ஊரில் ஏது மழை, "தண்ணி இல்லாத ஆறு, மரமில்லாத மலை" என்று பாட்டே பாடி வைத்திருக்கிறார்களே என்பீர்கள். சரி, ஏ.சி. இருந்தால் அதன் குழாயிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடியுங்கள். அதில் உப்பே கிடையாது. கோடையில் செடிக்குத் தண்ணீர் அதிகம் தேவைப்படும் அதே மாதங்களில்தான் ஏ.சி.யும் அதிகம் ஓடும், பொருத்தமாக அமைந்த விஷயம். இரண்டும் இல்லை என்றால் போர் தண்ணீரில் எலுமிச்சைச் சாற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, பி.எச். தாளில் 6-க்குக் கீழே வந்ததும் நிறுத்தி ஊற்றுங்கள். தாள் விலை அதிகமில்லை. தோட்டத்து மண்ணையே சோதிக்க வேண்டும் என்றால் விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டுப் பாருங்கள். உரத்துக்கு அமோனியம் சல்பேட், கால் டீஸ்பூன், மாதம் ஒருமுறை ஈர மண்ணில். அது மண்ணின் புளிப்பையும் காப்பாற்றும்.

வெயிலுக்கு 50 சதவீத நிழல்வலை, அல்லது காலை வெயில் மட்டும் படும் கிழக்குப் பக்கம். எஸ்டேட்டிலேயே சில்வர் ஓக் நிழலில்தானே நிற்கிறது? மாசி முதல் ஆடி வரை அது வளரும் என்று எதிர்பார்க்காதீர்கள். உயிரோடு இருந்தால் போதும். இலையில் சிவப்புச் சிலந்தி என்னும் பொடிப் பூச்சி வரும், சாயங்காலம் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தால் அடங்கும்.

வாங்குவதற்கு குன்னூர், கோத்தகிரிப் பக்கத்து நாற்றங்கால்தான் என் சிபாரிசு. ஒரு இலையும் ஒரு துண்டுத் தண்டும் வைத்து பாலிதீன் பையில் பத்துப் பன்னிரண்டு மாதம் வளர்த்த நாற்று அங்கே சில பத்து ரூபாய்தான். ஆன்லைனில் அதே நாற்றுக்குத்தான் முந்நூறு, நானூறு. வேலைக்காகவோ கல்யாணத்துக்காகவோ அந்தப் பக்கம் போகிறவர் யாராவது இருப்பார்கள், சொல்லிவிடுங்கள். நீலகிரி எக்ஸ்பிரஸ்ஸில் விடியும் முன்னே காட்பாடியில் இறங்கிவிடலாம், செடி வெயிலே பார்க்காது. ஐப்பசி, கார்த்திகையில் கொண்டுவந்தால் கோடைக்குள் வேர் பிடித்துவிடும். பெரிய இலை ரகம் என்று கேளுங்கள், அசாம் வழி வந்தது. சின்ன இலைச் சீன ரகத்தைவிட வெப்பம் தாங்கும்.

கேள்வி (குடியாத்தம், கல்லூரி மாணவர்): டீ விதை 50 எண்ணம் 99 ரூபாய் என்று வந்தது. கடுகு மாதிரி கறுப்பாக இருக்கிறது. முளைக்குமா?

பதில்: முளைக்கும் தம்பி, ஆனால் என்னவாக முளைக்குமோ! டீ விதை கோலிக்குண்டு மாதிரி இருக்கும். ஒரு காயில் ஒன்றிலிருந்து மூன்று. காய்ந்தால் சீக்கிரமே முளைப்புத் திறன் போய்விடும், பாக்கெட்டில் மாதக்கணக்கில் வைத்து விற்கும் சரக்கே அல்ல. எஸ்டேட்டில்கூட விதையைத் தண்ணீரில் போட்டு, மிதப்பதைத் தள்ளிவிட்டு மூழ்குவதைத்தான் எடுப்பார்கள். 1915-க்குப் போடுங்கள்.

கேள்வி (ஆம்பூர், குடும்பத் தலைவி): மாதம் அரை கிலோ டீத்தூள் ஆகிறது. கடைத் தூளில் சாயம் கலப்பதாகச் சொல்கிறார்கள். வீட்டிலேயே எத்தனை செடி வைத்தால் கடைக்குப் போகாமல் இருக்கலாம்?

பதில்: கணக்குப் போட்டுவிடலாம். அரை கிலோ என்றால் வருஷத்துக்கு 6 கிலோ. ஒரு கிலோ தூளுக்கு நாலு, நாலரை கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். ஒரு ஹெக்டேரில் சுமார் 13,000 செடி நிற்கும். அதில் 2,000 கிலோ தூள் எடுத்தால் செடிக்கு 150 கிராம். அந்தக் கணக்கில் உங்கள் வீட்டுக்கு 40 செடி. அதுவும் மலையில், மழையில், உரம் போட்டு, கவாத்து செய்து வளர்த்த செடி. ஆம்பூர் மாடியில் தொட்டிச் செடி அதில் பாதி கொடுத்தாலே பெரிது. நட்டு இரண்டு மூன்று வருஷம் பறிக்கவும் கூடாது. ஆக எண்பது தொட்டி, எண்பது தொட்டிக்கும் ஏ.சி. தண்ணீர்! டீத்தூளை வாங்கிவிடுங்கள்.

இன்னொன்றும் உண்டு. நாம் பாலில் போட்டுக் குடிப்பது, இயந்திரத்தில் நசுக்கிக் குருணையாக்கிய சி.டி.சி. தூள். வீட்டில் கையால் உருட்டும் டீ வெளிர் நிறமாக, மென்மையாக இருக்கும். பாலில் போட்டால் பால்தான் ஜெயிக்கும்.

சாயத்துக்குப் பயப்படுகிறீர்கள் என்றால் வீட்டிலேயே பார்க்கலாம். வடிதாளில் தூளைப் பரப்பி, தண்ணீர் தெளித்து நனைத்துவிட்டு, தூளைக் குழாயில் கழுவித் தள்ளிவிட்டுத் தாளை வெளிச்சத்தில் பாருங்கள். சாயம் கலந்திருந்தால் தாளில் உடனே கறை பிடித்திருக்கும், நல்ல தூள் அப்படிக் கறை விடாது. இரும்புத் தூளுக்கு ஒரு காந்தத்தை மேலே நகர்த்தினால் போதும். மூட்டையிலிருந்து அளந்து கொடுக்கும் லூஸ் தூளுக்கு இதைக் கட்டாயம் செய்யுங்கள்.

கேள்வி (ராணிப்பேட்டை): லெமன் டீ செடி, ப்ளூ டீ செடி, டீ ட்ரீ என்றெல்லாம் விற்கிறார்களே?

பதில்: முதலாவது எலுமிச்சம்புல். இரண்டாவது நம் வீட்டு வேலியில் படரும் சங்குப்பூ, அதற்குப் போய் 250 ரூபாய் கொடுக்காதீர்கள், பக்கத்து வீட்டில் விதை கேளுங்கள். மூன்றாவதில் மட்டும் ஜாக்கிரதை. டீ ட்ரீ ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம், முகப்பருவுக்குத் தடவும் எண்ணெய் அதிலிருந்துதான். அந்த எண்ணெய் வயிற்றுக்குள் போனால் நஞ்சு. பேரில் டீ இருக்கிறது என்று இலையைக் கொதிக்க வைத்துவிடாதீர்கள்.

கேள்வி (ஏலகிரியில் அரை ஏக்கர் வைத்திருப்பவர்): இங்கே உயரம் இருக்கிறதே, டீ போடலாமா?

பதில்: உயரம் சுமார் 1,100 மீட்டர், வால்பாறைக்குச் சமம்தான். ஆனால் வால்பாறையில் கொட்டும் மழை உங்களிடம் இல்லை. வீட்டுக்குப் பத்துச் செடி வையுங்கள், வேலூரைவிட நன்றாகவே வரும். வியாபாரத்துக்கு வேண்டாம். கொழுந்து பறித்த அன்றே ஆலைக்குப் போயாக வேண்டும், பக்கத்தில் ஆலை எங்கே இருக்கிறது?

கேள்வி (தோட்டப்பாளையம்): என்னிடம் மூன்று வயதுச் செடி இரண்டு இருக்கின்றன. ஒரு கப் டீயாவது போட முடியுமா?

பதில்: தாராளமாக. சமீபத்தில் நர்சரியில் வாங்கியது என்றால் மட்டும் பொறுங்கள், மருந்து அடித்திருப்பார்கள். இரண்டு மூன்று மாதம் கழித்து வரும் புதுக் கொழுந்தைப் பறியுங்கள்.

என் இரண்டாவது செடியில் போன மார்கழியில் முதல் தடவை பறித்தேன். ரெண்டு இலை ஒரு கொழுந்தாகப் பதினான்கு கிள்ளினேன், உள்ளங்கை நிறையவில்லை. இட்லித் தட்டில் பரப்பி ஒரு நிமிஷம் ஆவி காட்டினேன். பச்சை கொஞ்சம் ஆழமாகி, வேகவைத்த கீரை வாசனை வந்தது. விசிறி ஆற வைத்து, ரெண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து உருட்டினேன், கை பிசுபிசுத்தது. அப்புறம் தோசைக்கல்லை மிகச் சிறு தீயில் வைத்து, இலை நொறுங்கும் வரை கிளறினேன். அரை மணிக்கு மேல் ஆயிற்று. மிஞ்சியது இரண்டு சிட்டிகை.

கொதி அடங்கிய தண்ணீரில் மூன்று நிமிஷம். வெளிர் மஞ்சள் நிறம், முதலில் லேசான கசப்பு, தொண்டையில் இறங்கிய பிறகு ஓர் இனிப்பு. வீட்டில் மற்றவர்கள் ஆளுக்கு ஒரு மடக்கு குடித்துப் பார்த்துவிட்டு, அடுப்பில் பாலை வைத்தார்கள்.