இதயமும் நுரையீரலும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

மகளுக்கு நாள் தள்ளிப்போய், போன வாரம் மதுரைக்கு வந்து ஸ்கேன் எடுத்தோம். ஆறு வாரம், துடிப்பு வந்துவிட்டது என்றார்கள். நீங்களோ கரு உண்டான மூன்றே வாரத்தில் இதயம் துடிக்கும் என்று எழுதியிருந்தீர்கள். எது சரி? இன்னொன்று, மூச்சே விடாத பிள்ளைக்கு நுரையீரல் எப்போது வந்து இதயத்தோடு சேர்கிறது? மோட்டாரையும் பைப்பையும் தனித்தனியாக வாங்கி மாட்டுகிற மாதிரியா?

ஒரு வாசகி, திருமங்கலம்

அன்புள்ள அம்மா,

இரண்டும் சரிதான். டாக்டர்கள் கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணுகிறார்கள். கரு உண்டாவது அதற்குச் சுமார் இரண்டு வாரம் கழித்து. கருவின் கணக்கில் 22ஆம் நாள் வாக்கில் துடிப்பு தொடங்கும்; ஸ்கேனில் தெரிய இன்னும் சில நாள் ஆகும்.

மேலூர்ப் பக்கம் அடைவைத்த முட்டை மூன்றாம் நாள் தவறி உடைந்தால் பாருங்கள். மஞ்சள் கருவின் மேல் ஒரு சிவப்புப் புள்ளி துள்ளிக்கொண்டிருக்கும். அரிஸ்டாட்டில் அதைப் பார்த்து எழுதியே வைத்திருக்கிறார். தொடக்கத்தில் இதயம் வெறும் குழாய்தான். அப்புறம் பின்னால் இருக்கும் வேறு செல்கள் அதன் இரு முனையிலும் வந்து சேரும். வலது கீழறை பெரும்பாலும் இப்படிப் பிந்தி வந்தவற்றால் ஆனது.

நுரையீரல் கருவின் கணக்கில் நான்காவது வாரத்தில் முன்குடலிலிருந்து, அதாவது பிற்பாடு உணவுக்குழாயும் இரைப்பையும் ஆகும் குழாயிலிருந்து, மொட்டுவிடுகிறது. ஆனால் முன்குடல் தருவது மூச்சுக்குழாய்களின் உள்பூச்சை மட்டும். சுற்றியுள்ள தசையும் ரத்தக்குழாயும் எங்கிருந்து வந்தன? பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இல் சுண்டெலிக் கருவில் விடை கண்டார்கள். நுரையீரல் மொட்டு வருவதற்கு முன்பே, இதயத்துக்குள் ரத்தம் நுழையும் முனையருகே சில முன்னோடிச் செல்கள் இருக்கின்றன. அவற்றின் வழிவந்தவை கொஞ்சம் இதயத்துக்குப் போகின்றன, கொஞ்சம் நுரையீரலின் ரத்தக்குழாய்ச் சுவருக்கும் மூச்சுக்குழாய்த் தசைக்கும். நுரையீரலே உண்டாகாத கருக்களில்கூட அதற்கான ரத்தக்குழாய்கள் கிளம்பியிருந்தன! எனக்கு இதுதான் பெரிய ஆச்சரியம். முன்குடல் அனுப்பும் 'ஹெட்ஜ்ஹாக்' என்ற புரதம் வராவிட்டால் மட்டும் அந்தக் குழாய்கள் இதயத்தோடு சேராது.

ஆகவே மோட்டார், பைப் கணக்கு இங்கே செல்லாது. மாட்டுகிற வேலையே இல்லை. இணைப்பு வரும் இடத்துச் செல்கள் இரண்டுக்கும் பங்காளிகள்.

ஐந்தாம் மாத ஸ்கேனில் இதயத்தின் நான்கு அறைகளையும் பார்ப்பார்கள். மகளோடு நீங்களும் உள்ளே போய், திரையில் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.