தீவிலிருந்து செங்கோட்டை வரை: திரும்பி வரும் வழியை ஏன் குறைக்கக் கூடாது

கேள்வி: நண்பர்களோடு தீவுச் சுற்றுலா போய்விட்டு வீடு திரும்பும் நீண்ட பயணம் அலுப்பாக இருக்காதா? திரும்பும்போது மட்டும் விமானத்தில் வந்துவிடலாமா?

என்னைக் கேட்டால், போகும்போது வேண்டுமானால் விமானத்தில் போங்கள். வரும்போது கப்பலில் வாருங்கள். கரை இறங்கிய பிறகும் ஆளுக்கொரு பக்கம் பிரிந்து ஓடாமல், எவ்வளவு தூரம் ஒரே வழியோ அவ்வளவு தூரம் சேர்ந்தே வாருங்கள். லட்சத்தீவு போய்வந்த பிறகு இதை அழுத்தமாகவே சொல்கிறேன்.

நாங்கள் ஆறு பேர். தென்காசி மாவட்டத்துச் செங்கோட்டையில் ஒரே பள்ளியில் படித்தவர்கள். இப்போது ஒருவன் கோட்டயத்தில், ஒருவன் கொல்லத்தில், ஒருவன் புனலூர் பக்கத்தில், மிச்ச மூன்று பேர் செங்கோட்டையிலும் தென்காசியிலும் இருக்கிறோம். மாசி மாதம், கடல் அமைதியாக இருக்கும் நேரமாகப் பார்த்து அகத்தித் தீவுக்குப் போனோம். அந்த நீலத் தண்ணீரைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், படங்களும் ஏராளம். நான் அதற்குள் போகவில்லை. கேள்வி திரும்பும் பயணத்தைப் பற்றியது.

அகத்தியிலிருந்து கொச்சி சுமார் 459 கிலோமீட்டர். விமானத்தில் ஒன்றரை மணி நேரம். கப்பலில் ஒரு இரவு முழுக்க ஆகும். வழியில் வேறு தீவுகளிலும் ஆள் ஏற்றினால் இன்னும் நீளும். அகத்தியில் எங்கள் கப்பல் கரைக்கு வரவில்லை. பவளப்பாறைத் திட்டுக்கு வெளியே ஆழக்கடலில் நின்றது, சின்ன போட்டில் போய் ஏற வேண்டியிருந்தது. கப்பலின் பக்கவாட்டில் ஒரு கதவு திறந்திருக்கும். அலை போட்டைத் தூக்கும்போது வாசல் நம் முழங்கால் மட்டத்துக்கு வரும், இறங்கும்போது தலைக்கு மேலே போய்விடும். உள்ளே இரண்டு கப்பல் ஊழியர்கள் குனிந்து நிற்பார்கள். அலை உச்சிக்கு வரும் அந்த ஒரு நொடியில் நம் இரண்டு மணிக்கட்டையும் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்வார்கள். கையை நீட்ட வேண்டியதுதான், மற்றதெல்லாம் அவர்கள் பாடு. எங்களுக்கு முன்னால் ஒரு வயதான தீவுக்காரம்மா, கையில் ஒரு தூக்குவாளியோடு, வீட்டு வாசற்படி தாண்டுகிற மாதிரி சாதாரணமாக உள்ளே காலை வைத்தார். கொச்சியில் கண் ஆஸ்பத்திரிக்குப் போகிறாராம்.

நமக்கு அது சுற்றுலாக் கப்பல். அவர்களுக்கு அதுதான் டவுன் பஸ். கல்லூரிக்குத் திரும்பும் பிள்ளைகள், கல்யாணத்துக்குத் துணி எடுக்கப் போகும் குடும்பம், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் என்று கப்பல் நிறைந்திருந்தது. கொச்சியில் இருக்கும் சொந்தக்காரர்களுக்கென்று மாசிக் கருவாடும் (காய்ந்த சூரை மீன்), தென்னம்பதனீரைக் காய்ச்சி எடுத்த தீவுச் சர்க்கரையும் கட்டி எடுத்து வந்தார்கள். தேங்காயும் வெல்லமும் சேர்த்து, காய்ந்த வாழையிலையில் சுற்றிய உருண்டை ஒன்றை அந்த அம்மா எங்களுக்கும் பிரித்துக் கொடுத்தார். நம் ஊர் பொருளங்கா உருண்டையை விட மெத்தென்று இருந்தது.

எங்கள் டிக்கெட் பங்க் வகுப்பு. கீழ்த்தளத்தில் வரிசையாகப் படுக்கைகள், குளிர், லேசான டீசல் வாடை. வாந்தி வரும் உடம்புக்காரர்கள் அங்கே இருப்பதை விட மேல்தளத்துக்குப் போய்த் தொடுவானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது நல்லது. உடம்பு ஆடுவதைக் காது உணர்கிறது, ஆடாத சுவரைக் கண் பார்க்கிறது. இரண்டும் ஒத்துவராததால்தான் குமட்டல். மாத்திரை போடுகிறவர்கள் கப்பல் கிளம்பும் முன்பே போட்டுவிட வேண்டும். குமட்ட ஆரம்பித்த பிறகு போட்டு அவ்வளவு பிரயோஜனம் இல்லை.

நாங்களும் மேல்தளத்துக்கு வந்துவிட்டோம். போனில் சிக்னல் கிடையாது. படம் எடுத்தாயிற்று, குளித்தாயிற்று, அடுத்து எங்கே போகலாம் என்ற பரபரப்பும் இல்லை. தீவில் இருந்தவரை நாங்கள் சரியாகப் பேசிக்கொள்ளவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. இங்கே நில், அங்கே பார், சாப்பாடு வந்துவிட்டது என்பதற்கு மேல் என்ன பேசினோம்? திரும்பும்போது செய்வதற்கு ஒன்றுமில்லை. பேச்சு தானாக வந்தது.

அன்றைக்குப் பேசியது புனலூர்க்காரன். தமிழில் படிக்கட்டும் என்று வீட்டில் அவனைச் செங்கோட்டையில் சித்தி வீட்டில் விட்டுப் படிக்க வைத்தார்கள். அவன் குடும்பம் ரப்பர் தோட்டத்தில் வேலை பார்க்கிறது என்பது மட்டும்தான் எங்களுக்குத் தெரியும். இருட்டில் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே கேட்டான்: "எல, எங்க அப்பாயி ஒரு தீவுல இருந்து கப்பல்ல வந்தவங்கதான், தெரியுமா?"

அவன் அப்பாயி, அதாவது அப்பாவைப் பெற்றவர், பிறந்தது இலங்கையில், அட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில். 1964இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்தில், இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்குப் போன குடும்பங்களான மலையகத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுப்பதென்றும் எழுதினார்கள். அந்த முதல் கணக்கில் இவர்கள் வீடும் விழுந்தது. தோட்டத்திலிருந்து தலைமன்னாருக்கு ரயில். ஏறுகிறவர்களும் வழியனுப்புகிறவர்களும் அழுது தீர்ப்பதால் அதை அழுகைக் கோச்சி என்பார்களாம், அங்கே கோச்சி என்றால் ரயில். தலைமன்னாரில் ராமானுஜம் கப்பல் ஏறி ராமேஸ்வரம், அங்கிருந்து மண்டபம் முகாம். தாயகம் திரும்பியவர்கள் என்று பேர். ஆனால் அப்பாயி அதற்கு முன் இந்தியாவைக் கண்ணால் கண்டதில்லை. அவருடைய தாத்தா காலத்திலேயே புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து அங்கே போய்விட்ட குடும்பம்.

இவர்களைப் போல வந்தவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகவே 1976இல் புனலூரில் புனர்வாழ்வுத் தோட்ட நிறுவனம் ஏற்படுத்தினார்கள். அதன் ரப்பர் தோட்டத்தில்தான் இவன் தாத்தாவுக்கு வேலை கிடைத்தது. தேயிலைக் கொழுந்து கிள்ளிய கை, விடியும் முன்னால் எழுந்து ரப்பர் மரத்தில் பட்டை சீவக் கற்றுக்கொண்டது. "கப்பல் ஏறும்போது அப்பாயி மடியில கொஞ்சம் தேயிலையை முடிஞ்சு கொண்டு வந்தாங்க. ராமேஸ்வரத்துல அதைப் போட்டு டீ குடிச்சப்பதான் அழுகை வந்துச்சாம்" என்றான்.

இருபது வருஷத்துக்கு மேலான பழக்கம். அவன் வீட்டில் எத்தனை தடவை சாப்பிட்டிருக்கிறோம். அந்த அப்பாயி கையால் பரிமாறியிருக்கிறார். யாருக்கும் இது தெரியாது. அவனும் மறைக்கவில்லை, சொல்வதற்கு இப்படி ஒரு இரவு அமையவில்லை, அவ்வளவுதான். ஒன்றரை மணி நேர விமானத்தில், இடையில் ஒருத்தர் உட்கார்ந்திருக்க, இது வந்திருக்குமா? என் பதிலின் காரணம் முழுக்க இதுதான்.

காலையில் கொச்சி அழிமுகம், காயல் கடலில் சேரும் இடம். வலது பக்கம் கோட்டைக் கொச்சி, இடது பக்கம் வைப்பின், இரண்டு கரையிலும் சீனவலைகள். எல்லோர் போனும் ஒரே நேரத்தில் கிணுகிணுத்தது. கப்பல் வில்லிங்டன் தீவில் கட்டுகிறது. துறைமுகத்துக்காகக் காயலைத் தோண்டிய மண்ணைக் கொட்டி உருவாக்கிய தீவு அது. ஆக, ஒரு தீவில் ஏறி இன்னொரு தீவில் இறங்கினோம். தரையில் கால் வைத்ததும் தரை ஆடும். பயப்பட வேண்டாம், பெரும்பாலானவர்களுக்கு ஓரிரு நாளில் சரியாகிவிடும்.

கிளிஞ்சல், பவளக்கல் எதையும் அங்கிருந்து எடுத்து வராதீர்கள். பவளம் 1972ஆம் வருட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. செத்த துண்டாக இருந்தாலும் சிக்கல்தான். கரையில் ஒதுங்கிக் கிடந்ததை எங்களில் ஒருவன் எடுக்கப் போனபோதே போட்டுக்காரர் தடுத்துவிட்டார். சட்டம் இருக்கட்டும், அந்தத் திட்டுதான் தீவை அலை அடித்துக்கொண்டு போகாமல் காப்பாற்றுகிறது என்றார். அது சரியான பேச்சு.

எர்ணாகுளத்திலிருந்து எங்கள் பக்கம் வர நல்ல ரயில் வேளாங்கண்ணி எக்ஸ்பிரஸ். வாரத்தில் இரண்டு நாள்தான். மதியம் கிளம்பி, கோட்டயம், கொல்லம், புனலூர் வழியாக மலை ஏறும். பாலருவி எக்ஸ்பிரஸில் வந்தால் மலை இரவில் போய்விடும், ஒன்றும் தெரியாது. கப்பல் தேதியை ரயில் நாளோடு பொருத்திப் பாருங்கள். கப்பல் தாமதமாகலாம், அதனால் அதே நாளில் நெருக்கிப் பிடிக்கும் ரயிலை நம்ப வேண்டாம். நாங்கள் ஒரு இரவு எர்ணாகுளத்தில் தங்கி மறுநாள்தான் ஏறினோம். பெட்டியில் பாதிப் பேர் வேளாங்கண்ணிக்கு நேர்ச்சைக்குப் போகிற மலையாளக் குடும்பங்கள்.

கோட்டயத்தில் முதல் ஆள் இறங்கினான். ரயில் நகரும்வரை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டே பிளாட்பாரத்தில் நடந்து வந்தான். கொல்லத்தில் அடுத்தவன். அங்கே வண்டி திசை மாறும், எஞ்சினைக் கழற்றி மறுமுனையில் மாட்டுவார்கள். பழம்பொரியும் டீயும் வாங்கிச் சாவகாசமாகச் சாப்பிட நேரம் இருக்கும். கொல்லத்துக்காரன் வீட்டுக்குப் போகாமல் வண்டி கிளம்பும்வரை எங்களோடு நின்றான்.

புனலூரில் அவன் அப்பாயியே ஸ்டேஷனுக்கு வந்திருந்தார், பேரனோடு எங்களையும் ஒரு பார்வை பார்த்துவிட. நாங்கள் எல்லோரும் இறங்கிவிட்டோம். என்ன சொல்வதென்று தெரியாமல் நான் அந்தத் தேங்காய் உருண்டைப் பொட்டலத்தைக் கொடுத்தேன். "எல்லாரும் கறுத்துப் போயிட்டீங்களே தம்பி, சாப்பாடு நல்லா குடுத்தாங்களா?" என்றுதான் கேட்டார். நிற்கிற அந்தச் சில நிமிஷத்தில் வேறு எதுவும் கேட்க முடியவில்லை.

அப்புறம் மலை. இந்தப் பாதை 1904இல் மீட்டர் கேஜாகப் போட்டது. அகலப் பாதையாக்க 2010இல் நிறுத்தினார்கள், 2018இல்தான் மறுபடி ரயில் ஓடியது. அந்த எட்டு வருஷம் எங்கள் ஊர்க்காரர்கள் பஸ்ஸில் குலுங்கினோம். அதனால் இந்த வண்டியில் உட்காரும்போதெல்லாம் எனக்கு ஒரு தனிச் சந்தோஷம். தென்மலை தாண்டி, கழுதுருட்டியில் பதிமூன்று கண் பாலத்தின் மேல் போகும்போது கீழே கொல்லம் நெடுஞ்சாலையில் நிற்கிறவர்கள் போனைத் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆரியங்காவு தாண்டி நீளமான குகை. கேரளத்தில் நுழைந்து தமிழ்நாட்டில் வெளியே வருகிறோம். பகவதிபுரம் இறக்கத்தில் காற்றே மாறிவிடும், ஈரம் குறைந்துவிடும். புளியறைப் பக்கம் பிசான நெல் அறுவடை முடிந்து வயலெல்லாம் வைக்கோல். எங்கள் ஊர் திருவிதாங்கூரிலும், பிறகு 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலும் இருந்தது. இன்றைக்கும் பாதிப் பேருக்கு மலைக்கு இரண்டு பக்கமும் சொந்தம் உண்டு.

வீட்டில் அம்மா மாசிக் கருவாட்டை மோந்து பார்த்துவிட்டு, இது தூத்துக்குடியிலேயே கிடைக்குமே என்றார். தேங்காய்ப் பூவோடு இடித்துச் சம்பல் செய்ததும் சட்டி காலி. இரவு கட்டிலில் படுத்தால் கட்டில் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.

இப்போது ஒரு வேலையில் இறங்கியிருக்கிறோம். நாகப்பட்டினத்திலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்கு 2023இல் பயணிகள் கப்பல் விட ஆரம்பித்தார்கள், கடல்வழி சுமார் 4 மணி நேரம். அப்பாயியை ஒரு தடவை அட்டனுக்குக் கூட்டிப்போய் வர வேண்டும். கேட்டபோது முதலில் வேண்டாம் என்றார். மறுநாள் பேரனைக் கூப்பிட்டு, தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) பக்கத்து வீட்டில் இருந்தவர்கள் பேரையெல்லாம் எழுதிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். அவருக்குப் பாஸ்போர்ட் எடுக்க வேண்டும். பிறப்புச் சான்றிதழ் கிடையாது. அந்தக் காலத்தில் கொடுத்த குடும்ப அட்டை டிரங்குப் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. இலங்கையிலிருந்து திரும்பி வந்த பெரியவர்களுக்கு யாராவது பாஸ்போர்ட் எடுத்துக் கொடுத்திருந்தால், என்னென்ன காகிதம் கேட்டார்கள் என்று சொல்லுங்கள்.