சீட்டா, அட்டையா? உக்ரைன் அகதிகளின் வைத்தியம் பற்றி வந்த கடிதங்கள்

உக்ரைனிலிருந்து வந்தவர்களின் வைத்தியச் சிக்கல்கள் பற்றிக் கேள்வி அனுப்பலாம் என்று எழுதியிருந்தேன். எதிர்பார்த்ததைவிட அதிகம் கடிதங்கள் வந்துவிட்டன. எழுதியவர்களில் பெரும்பாலானோர் தமிழர்: வீட்டில் இடம் கொடுத்தவர்கள், ஒரே இடத்தில் வேலை செய்பவர்கள், பிள்ளைகளின் பள்ளித் தோழர்களுக்காகக் கேட்பவர்கள். மூன்று சொல்லை முதலே சொல்லிவிடுகிறேன்: தற்காலிகப் பாதுகாப்பு என்பது போரிலிருந்து வந்தவர்களுக்குத் தனித்தனித் தஞ்ச விசாரணை இல்லாமல் கிடைக்கும் தங்கும் உரிமை, காப்புறுதி அட்டை என்பது வைத்தியரிடம் காட்டும் மருத்துவக் காப்புறுதி அட்டை, ஜொப்சென்டர் என்பது வேலை வயதுக்காரருக்கு உதவிப் பணம் தரும் ஜேர்மன் அலுவலகம்.

பக்கத்து வீட்டு உக்ரைன் முதியவருக்கு இருதய வருத்தம். வைத்தியம் இலவசமா? உடனே பதில் தரவும்.

எந்த நாடு? எப்போது வந்தார்? கையில் என்ன பத்திரம் இருக்கிறது? மூன்றில் ஒன்றையும் எழுதாமல் "உடனே" என்று மட்டும் எழுதினால் நான் என்ன சொல்வது? இந்தக் கிழமை மட்டும் இப்படி ஏழெட்டுக் கடிதம்.

2022 மார்ச் 4-இல் ஐரோப்பிய ஒன்றியம் கொண்டுவந்த தற்காலிகப் பாதுகாப்பு எல்லா உறுப்பு நாடுகளுக்கும் பொது. 2027 மார்ச் 4 வரை நீட்டியிருக்கிறார்கள். ஆனால் வைத்தியத்தை ஒவ்வொரு நாடும் தன் வழியில்தான் கொடுக்கிறது. ஜேர்மனியில் 2022 ஜூனிலிருந்து உங்களிடமும் என்னிடமும் இருக்கிற அதே காப்புறுதி அட்டை. முதியவர் ஓய்வூதிய வயதைத் தாண்டியவர் என்றால் போகவேண்டியது ஜொப்சென்டருக்கு அல்ல, சோசியல் அலுவலகத்துக்கு, அதாவது சமூக உதவி அலுவலகத்துக்கு. 2025 ஏப்ரல் 1-க்குப் பிறகு வந்தவர்களைத் திரும்பவும் அகதி உதவிச் சட்டத்துக்குள், அதாவது அட்டைக்குப் பதில் வைத்தியரிடம் போக அலுவலகத்தில் சீட்டு வாங்கும் முறைக்குள், கொண்டுபோவதென்று ஆளும் கட்சிகள் தங்கள் கூட்டணி ஒப்பந்தத்தில் எழுதிவிட்டன. அதனால்தான் வந்த திகதியைக் கேட்கிறேன். செக் குடியரசு 2023 ஜூலையில் வேலை வயதுக்காரருக்கு அரசு கட்டும் காப்புறுதியை முதல் 150 நாட்களோடு நிறுத்தியது. போலந்து 2025 செப்டம்பர் இறுதியில், காப்புறுதி கட்டாத பெரியவர்களுக்கான சில சிகிச்சைகளை வெட்டியது.

அவருக்கு இப்போதே நெஞ்சு நோகிறது என்றால் என் பதிலுக்குக் காத்திருக்க வேண்டாம், 112-க்கு அழையுங்கள். உக்ரைனில் அம்புலன்ஸ் எண் 103. பதற்றத்தில் பலர் அதையே அழுத்துகிறார்கள். முதியவரின் தொலைபேசியில் 112-ஐ இன்றைக்கே பதிந்து கொடுங்கள்.

எங்களோடு துப்புரவு வேலை செய்யும் அம்மா ஒரு சிறிய போத்தல் வைத்திருக்கிறார். மனம் படபடத்தால் சீனிக்கட்டியில் சொட்டு விட்டுச் சாப்பிடுவார். ஊரிலிருந்து பார்சலில் வருகிறது. நல்ல மருந்தா? (எசன்)

புதினா வாசம் அடிக்கிறதா? அப்படியென்றால் அது கொர்வலோல். நம் வீடுகளில் சித்தாலேப தைலம் எப்படியோ, உக்ரைன் பாட்டிமார் கைப்பையில் கொர்வலோல் அப்படி. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. கொர்வலோலில் பீனோபார்பிட்டல் என்ற, தூக்கம் வரவைக்கும், உடம்பு பழகிப்போகும் மருந்து இருக்கிறது. ஜேர்மனியிலும் பிரித்தானியாவிலும் அது கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. பார்சலில் வரவழைத்தால் சுங்கத்தில் மாட்டும்.

அதற்காகப் போத்தலைப் பறித்துக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். வருடக்கணக்காகத் தினமும் எடுத்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். போத்தலோடு குடும்ப வைத்தியரிடம் போகவேண்டும், ஒரு நாளைக்கு எத்தனை சொட்டு என்று உள்ளபடி சொல்லவேண்டும், அவர் படிப்படியாகக் குறைப்பார். படபடப்பு ஏன் வருகிறது என்று இதுவரை யாராவது பார்த்தார்களா என்பதையும் கேளுங்கள். பிரசராக இருக்கலாம், தைரொயிட்டாக இருக்கலாம். மகன் போர்முனையில் நிற்பதாலும் இருக்கலாம்.

ஒவ்வொரு முறையும் பார்மசியில் 5 யூரோ, 10 யூரோ வாங்குகிறார்கள். உதவிப் பணத்தில் வாழும் குடும்பத்துக்கு விலக்கு இல்லையா?

இருக்கிறது. ஜொப்சென்டர் குடும்பத்துக்கு வருட உச்சம் சுமார் 135 யூரோ, வீட்டில் நாட்பட்ட நோயாளி இருந்தால் சுமார் 68. அதைத் தாண்டியதும் காப்புறுதி விலக்கு அட்டை தரும். ஆனால் பற்றுச்சீட்டு வேண்டும். ஒரு பழைய பிஸ்கட் டின்னில் எல்லாச் சீட்டையும் போட்டுவைக்கச் சொல்லுங்கள். 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு மருந்துக்கு இந்தக் கட்டணமே கிடையாது.

எங்கள் வீட்டில் தங்கியிருக்கும் உக்ரைன் பெண்ணுக்கு எச்.ஐ.வி. என்று தெரியவந்தது. அவர் கொண்டுவந்த குளிசைப் போத்தலில் இந்தியக் கம்பனிப் பெயர் இருக்கிறது. இங்கே அது கிடைக்கவில்லையாம். பிள்ளைகள் இருக்கும் வீடு. கோப்பையைப் பிரித்து வைக்கலாமா?

கோப்பையைப் பிரிக்க வேண்டாம். கோப்பையால், கழிவறையால், கட்டிப்பிடிப்பதால் இது தொற்றாது. மருந்தை ஒழுங்காக எடுத்து, இரத்தத்தில் கிருமி அளவிட முடியாத அளவுக்குக் குறைந்தவரிடமிருந்து உடலுறவிலும் தொற்றாது.

அந்தக் குளிசையில் பெரும்பாலும் மூன்று மருந்துகள் ஒன்றாக இருக்கும்: டெனோபொவிர், லமிவுடின், டொலுடெக்ராவிர். இந்தியக் கம்பனிகள் மலிவாகச் செய்வதால்தான் உக்ரைன் அதை எல்லோருக்கும் இலவசமாகக் கொடுக்க முடிந்தது. மேற்கு ஐரோப்பாவில் அந்த மூன்றும் ஒரே குளிசையாக விற்பனையில் இல்லை. இங்குள்ள வைத்தியர் அதே தரத்தில் இரண்டு குளிசையாகவோ வேறு சேர்க்கையாகவோ மாற்றித் தருவார். மாற்றம் என்றால் தரம் குறைவு என்று அவர் பயப்படக்கூடாது, நீங்களும் பயமுறுத்தக்கூடாது. போத்தலில் எத்தனை நாளுக்கு மருந்து மிச்சம் என்று எண்ணச் சொல்லுங்கள். ஒரு மாதத்துக்குக் குறைவு என்றால் நாளைக்கே நேரம் எடுக்கவேண்டும்.

அப்புறம் ஒன்று. "தெரியவந்தது" என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் தானாகச் சொன்னாரா, நீங்கள் பையைத் திறந்தீர்களா? எப்படியானாலும் அந்தச் செய்தி உங்கள் வீட்டு வாசலைத் தாண்டக்கூடாது.

ஒரு தாய்க்கு மகப்பேற்று வைத்தியரிடம் போகவேண்டும். டொச் (ஜேர்மன் மொழி) தெரியாது. மகளுக்கு 12 வயது, நல்லாக் கதைக்கிறாள். அவளையே மொழிபெயர்க்கக் கூட்டிப்போகச் சொல்லிவிட்டேன். சரிதானே? (டோர்ட்முண்ட்)

சரியில்லை. தயவுசெய்து அந்தப் பிள்ளையை அனுப்பாதீர்கள்.

இதை எத்தனை முறை எழுதிவிட்டேன்! இன்னும் எழுதுவேன். 1987. எனக்குப் பதினொரு வயது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இரண்டு வருடம். அம்மாவின் மார்பில் ஒரு கட்டி. பள்ளிக்கு லீவு போட்டு என்னைக் கூட்டிக்கொண்டு ஒரு வைத்தியசாலைக்குப் போனார். வைத்தியர் கட்டியைப் பற்றிச் சொன்ன சொல் "பேஸார்ட்டிக்". கொடிய புற்றுக் கட்டி என்று அர்த்தம். எனக்கு எங்கே தெரியும்? பள்ளியில் ரீச்சர் கோபப்பட்டால் "பேஸ" என்பார்கள், அது மட்டும்தான் தெரியும். "அம்மா, அந்தக் கட்டி கோபமா இருக்காம்" என்று சொன்னேன். அம்மா சிரித்துவிட்டார். வைத்தியர், தாய் சிரிப்பதைப் பார்த்துத் தைரியமான பெண் என்று நினைத்திருக்கவேண்டும். கைகொடுத்து அனுப்பினார். அடுத்த திகதிக்கு அம்மா போகவில்லை. வேலையில் லீவு கேட்கப் பயம், கட்டியும் நோகவில்லை. ஒன்றரை மாதம் கழித்து ஊர்க்காரர் ஒருவர் கடிதத்தை வாசித்துத்தான் விஷயம் வெளியே வந்தது.

அம்மா சத்திரசிகிச்சை செய்து பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்த ஒன்றரை மாதத்தை நான் இன்னும் சுமக்கிறேன். ஜேர்மனியிலும் சுவிசிலும் வளர்ந்த நம் தலைமுறையில் அரைவாசிப்பேரிடம் இப்படி ஒரு கதை இருக்கும். யாருக்கு என்ன நோய், அப்பாவுக்கு இரவில் ஏன் தூக்கம் வருவதில்லை, அம்மாவுக்கு எத்தனை கரு கலைந்தது எல்லாம் பிள்ளைகளின் வாய் வழியாகத்தான் வைத்தியருக்குப் போனது. நமக்கு நடந்ததை நாமே இன்னொரு பிள்ளைக்குச் செய்யலாமா? அதுவும் மகப்பேற்று வைத்தியரிடம்! அந்தத் தாய்க்கு வரும் வழியில் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியுமா? மகள் பக்கத்தில் இருந்தால் அவர் அதைச் சொல்வாரா?

சரி, என்ன செய்யலாம்? ஜேர்மனியில் வைத்தியரின் கிளினிக்கில் மொழிபெயர்ப்புக்குப் பொதுக் காப்புறுதி பணம் கட்டாது. 2021-இல் வந்த கூட்டணி அரசு இதைச் சட்டமாக்குவோம் என்று எழுதிக்கொடுத்தது. ஆட்சி முடிந்தது, சட்டம் வரவில்லை. இத்தனை லட்சம் பேர் வந்த பிறகும் இந்த ஓட்டை அப்படியே கிடக்கிறது என்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. ஆனாலும் வழிகள் இருக்கின்றன. நேரம் எடுக்கும்போதே மொழி தேவை என்று சொல்லிப் பதியச் செய்யுங்கள். பல கிளினிக்குகளில் தொலைபேசி அல்லது வீடியோ மொழிபெயர்ப்பு உண்டு, கேட்டால்தான் எடுப்பார்கள். நகரசபையின் அகதிகள் பிரிவில் தன்னார்வ மொழிபெயர்ப்பாளர் பட்டியல் இருக்கும். ரஷ்ய மொழி பேசும் வைத்தியர்கள் ஜேர்மனியில் நிறையப் பேர். ஆனால் ரஷ்ய மொழி காதில் விழுந்தாலே உடைந்துபோகும் உக்ரைன்காரர் இருக்கிறார்கள், முதலில் அவரிடம் கேளுங்கள். வைத்தியசாலையில் சத்திரசிகிச்சை என்றால், நோயாளிக்குப் புரியும்படி விளக்கவேண்டியது வைத்தியரின் கடமை என்று ஜேர்மன் சிவில் சட்டமே சொல்கிறது. புரியாத பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டாம். ஒருவரும் கிடைக்கவில்லை என்றால் நீங்களே போங்கள். உங்கள் டொச் அரைகுறையாக இருந்தாலும் பரவாயில்லை. நீங்கள் வளர்ந்தவர், தெரியாத சொல்லை நிறுத்தித் திரும்பக் கேட்பீர்கள்.

முன் பல் மூன்று இல்லை. பல் வைத்தியர் 2,000 யூரோ திட்டம் கொடுத்திருக்கிறார். கையெழுத்துப் போடலாமா?

வேண்டாம். முதலில் காப்புறுதியின் அங்கீகாரம். வழமையாக அடிப்படைச் சிகிச்சைச் செலவில் 60 வீதம்தான் தருவார்கள். உதவிப் பணத்தில் இருப்பவர் கடின நிலை விண்ணப்பம் போட்டால் அடிப்படைப் பல்லின் முழுச் செலவும் கிடைக்கும். அந்த 2,000-இல் எது அடிப்படை, எது அலங்காரம் என்று எழுத்தில் வாங்குங்கள்.

இங்கிலாந்தில் எங்கள் வீட்டில் ஒரு தாயும் மகனும் தங்கியிருக்கிறார்கள். குடும்ப வைத்தியர் நிலையத்தில் முகவரி ஆதாரம் இல்லாமல் பதியமாட்டோம் என்கிறார்கள்.

பதியவேண்டும். குடும்ப வைத்தியரிடம் பதிய முகவரி ஆதாரமோ கடவுச்சீட்டோ விசாவோ கட்டாயமில்லை, இது பிரித்தானியப் பொதுச் சுகாதார சேவையான என்.எச்.எஸ். விதி. மறுத்தால் மறுப்பையும் காரணத்தையும் எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் கேட்டதும் பாதிப்பேர் பதிந்துவிடுவார்கள். மருந்துச் சீட்டுக்கு இங்கிலாந்தில் ஏறத்தாழ 10 பவுண். வருமானம் குறைவென்றால் எச்.சி.1 படிவம் நிரப்பி விலக்குப் பெறலாம். ஸ்கொட்லாந்திலும் வேல்சிலும் அந்தக் கட்டணமே இல்லை. மொழிபெயர்ப்பாளரை இலவசமாகத் தருவார்கள், பதியும்போதே கேளுங்கள். மகனை நிறுத்தாதீர்கள்!

போலந்தில் வேலை செய்யும் தோழி, தாயைப் பார்க்க ஆறு கிழமை உக்ரைனில் உள்ள வின்னித்சியா போய்வந்தாள். இப்போது கணினியில் அவள் உரிமை காட்டவில்லையாம்.

30 நாளைத் தாண்டி வெளியே நின்றால் பெசெல் என்ற போலந்து அடையாள எண்ணில், உக்ரைன்காரருக்கான பாதுகாப்பைக் காட்டும் "யு.கே.ஆர்." குறி போய்விடும். எண் இருக்கும், உரிமை இருக்காது. நகராட்சி அலுவலகத்தில் திரும்ப வந்த திகதியைச் சொல்லி மறுபடி பெறவேண்டும். வேலைவழிக் காப்புறுதி ஓடுகிறதா என்று முதலாளியிடமும் கேட்கட்டும். பயணத்துக்கு முன்பே கேட்டிருந்தால் இந்த அலைச்சல் இல்லை.

ஜேர்மன் அட்டையைக் காட்டி லிவிவ் நகரில் பல் கட்டலாமா?

முடியாது. அட்டையின் பின்பக்கம் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கும் இன்னும் சில நாடுகளுக்கும்தான். உக்ரைனில் செல்லாது.

அகதிகள் விடுதியில் ஒரு உக்ரைன்காரருக்குக் காசநோய். மற்றக் குடும்பங்கள் அவரை வெளியேற்றச் சொல்கின்றன.

வெளியேற்றினால் மருந்து நின்றுபோகும், நோய் பரவும். நீங்கள் பயப்படும் காரியத்தை நீங்களே செய்ததாகிவிடும். உக்ரைனில் மருந்துக்கு மசியாத காசநோய் அதிகம், உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலிலேயே இருக்கிறது. ஆகவே அவர் ஊரில் எடுத்த மருந்துகளின் பெயரும் ஆய்வுகூட முடிவும் தங்கத்துக்குச் சமம். தொலைபேசியில் படம் இருந்தாலும் போதும். அவரை எப்போது தனியாக வைப்பது, எப்போது விடுவது, யாரைப் பரிசோதிப்பது எல்லாம் சுகாதார அலுவலகத்தின் பொறுப்பு. சரியான மருந்து தொடங்கிச் சில கிழமையில் பெரும்பாலானோரிடமிருந்து தொற்றுவது நின்றுவிடும்.

நான் கார்கிவில் மருத்துவம் படித்த மதுரைப் பெண். கணவர் உக்ரைன்காரர். எனக்கும் பாதுகாப்பும் வைத்தியமும் உண்டா?

2022 பெப்ரவரி 24-க்கு முன்பே உக்ரைனில் குடும்பமாக வாழ்ந்திருந்தால் உண்டு, திருமணச் சான்றிதழைக் காட்டவேண்டும். பிறகு திருமணம் என்றால் இந்த வழி இல்லை, சாதாரணக் குடும்ப விசாவைப் பாருங்கள். திருமணத் திகதியை எழுதியிருந்தால் ஒரே வரியில் சொல்லியிருப்பேன்.

ஏழு வயதுப் பையன். தடுப்பூசிப் பத்திரம் மரியுபோலில் வீட்டோடு எரிந்துவிட்டது. பள்ளியில் கேட்கிறார்கள். (ஹம்)

பள்ளிக்குத் தட்டம்மைத் (மீசில்ஸ்) தடுப்பூசி இரண்டு கட்டாயம், 2020 மார்ச்சிலிருந்து ஜேர்மனிச் சட்டம். ஊரில் பதிந்திருந்த குடும்ப வைத்தியரைத் தொலைபேசியில் பிடிக்க முடிந்தால் 063 என்ற படிவத்தின் படத்தைக் கேட்கச் சொல்லுங்கள். சிலரிடம் ஊர்க் கிளினிக் செயலியிலும் பதிவு இருக்கும். ஒன்றும் கிடைக்காவிட்டால் போடவில்லை என்று எடுத்துக்கொண்டு திரும்பப் போடுவார்கள். இரண்டாம் முறை போட்டாலும் பையனுக்குக் கெடுதல் இல்லை, தாயிடம் இதைப் பொறுமையாகச் சொல்லுங்கள். போலியோவையும் விடாமல் கேளுங்கள், 2021-இல் மேற்கு உக்ரைனில் அது தலைகாட்டியது. ஊசி போட்டதும் மஞ்சள் தடுப்பூசிப் புத்தகத்தில் முத்திரை விழுந்ததா என்று பார்த்துவிட்டு, அங்கேயே நின்று அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துத் தாயின் தொலைபேசிக்கு அனுப்புங்கள்.