லெதர்லீப் பன்னம் (தோல்போன்ற இலையுள்ள பெரணிச் செடி): வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: இலைகளின் அடிப்புறம் முழுவதும் கபில நிறப் பொட்டுகள் தோன்றியுள்ளன. இரண்டு தடவை பூச்சிமருந்து தெளித்தும் போகவில்லை. (கோப்பாய்)

போகாது, ஏனெனில் அவை பூச்சிகள் அல்ல, பன்னம் இனம்பெருக்கும் நுண்ணிய வித்திகள். சிற்றிலையின் நடுநரம்பின் இருபுறமும் ஒழுங்கான வரிசையில் இருப்பவை வித்திக் கூட்டங்கள். தண்டிலும் நரம்பிலும் ஒழுங்கின்றி ஒட்டியிருந்து நகத்தால் சுரண்டினால் பெயர்பவையே செதிற்பூச்சிகள். மருந்துப் போத்தலைத் திறக்க முன்னர் இலையைத் திருப்பிப் பாருங்கள் என்று எத்தனை முறைதான் எழுதுவது?

கேள்வி: கன்றை நட்டு மூன்று மாதமாகியும் புதுக் குருத்து வரவில்லை. (சாவகச்சேரி)

எவ்வளவு ஆழத்தில் நட்டீர்கள் என்று எழுதவில்லை. ஆழமாக நட்டிருப்பீர்கள் என்றே ஊகிக்கிறேன். இதன் வேர்த்தண்டு மண்ணின் மேல் ஊர்ந்து செல்வது. அதன் நுனி புதைந்தால் அழுகும். மண்ணை விலக்கி நுனியை வெளியே தெரிய விடுங்கள்.

கேள்வி: இளம் இலைகள் மஞ்சளாகின்றன, நரம்புகள் மட்டும் பச்சையாக உள்ளன. யூரியா இட்டும் பயனில்லை. நாளுக்கு இருவேளை கிணற்று நீர் விடுகிறேன். (சுன்னாகம்)

நோயின் காரணத்தைக் கடைசி வசனத்தில் நீங்களே எழுதிவிட்டீர்கள். இந்தப் பன்னம் விரும்புவது பி.எச். (அமில-கார அளவு) 5.5 முதல் 6.5 வரையான இலேசான அமிலக் கலவை. நமது யாழ்ப்பாணக் குடாநாடோ சுண்ணக்கல்லின் மேல் இருக்கிறது. கேத்தலின் அடியில் வெண்படையாகப் படியும் அதே சுண்ணாம்பு, நீங்கள் ஊற்றும் ஒவ்வொரு வாளி நீருடனும் சாடிக்குள் சேர்ந்து, கலவையின் காரத்தன்மையை உயர்த்தி, அதில் இருக்கும் இரும்பையே வேர் எடுக்க முடியாதபடி செய்துவிடுகிறது. யூரியா தருவது நைதரசன்; அது குறைந்தால் முதலில் முதிர்ந்த இலைகள்தான் வெளிறும். இளம் இலை மஞ்சளாகி நரம்பு பச்சையாக நிற்பது இரும்புக் குறைவின் அடையாளம். இந்த வேறுபாட்டைக் கவனியாமல் யூரியாவைக் கொட்டுவது வேரைக் கருக்கும் வேலை. கடைகளில் எளிதாகக் கிடைக்கும் ஈ.டி.டி.ஏ. என்னும் சேர்மத்துடன் பிணைத்த இரும்பு உரமும் காரம் ஏறிய கலவையில் நெடுநாள் நிலைக்காது. ஆகவே நீரை மாற்றுங்கள். ஆயிரம் சதுர அடி ஓட்டுக்கூரையில் ஓரங்குல மழை பெய்தால் ஏறத்தாழ 2000 லீற்றர் நீர் கிடைக்கும். மாரியில் அவ்வளவையும் ஒழுங்கைக்கு ஓடவிட்டு, கோடையில் பன்னம் மஞ்சளாகிறது என்று கடிதம் எழுதுவதைத்தான் என்னால் பொறுக்க முடிவதில்லை. முதல் மழையில் கூரை கழுவுண்ட பின், பிளாஸ்டிக் தாங்கியில் சேமியுங்கள். புதிய சீமெந்துத் தொட்டி வேண்டாம், அதுவும் சுண்ணாம்பையே கொடுக்கும். செடியை, நன்கு கழுவி உப்பு நீக்கிய தும்புத்தூளும் உக்கிய இலைமண்ணும் சேர்ந்த கலவைக்கு மாற்றுங்கள். மாற்றும்போது வேர்த்தண்டைப் புதைக்காதீர்கள்.

கேள்வி: முழு வெயிலில் வளருமா? (நல்லூர்)

வளராது. எழுபது வீத நிழல்வலையின் கீழ் அல்லது அடர்ந்த மாமரத்தின் கீழ் வையுங்கள்.

கேள்வி: வைகாசி தொடங்கியதும் இலை நுனிகள் கருகுகின்றன, நீர் குறையவில்லை. (பருத்தித்துறை)

சோளகம் என்னும் தென்மேற்குக் காற்றுதான் காரணம். நிழல்வலை வெயிலைத் தடுக்குமே தவிர, அந்த வறண்ட காற்றைத் தடுக்காது. தென்மேற்குப் பக்கத்தில் ஆளுயரத்துக்குக் கிடுகு மறைப்புக் கட்டுங்கள். உங்கள் கிணற்று நீர் சவராக (உப்பாக) இருந்தால் நுனி கருகுவதற்கு அதுவும் காரணமாகலாம். சுன்னாகம் வாசகருக்கு மழைநீர் பற்றி எழுதியதைப் படியுங்கள்.

கேள்வி: மாலை கட்டுவதற்கும் பூச்செண்டுக்கும் வெட்டும் இலைகள் ஒரே நாளில் வாடுகின்றன. (மானிப்பாய்)

இளம் இலையை வெட்டுகிறீர்கள். கரும்பச்சையாகி, கையால் தடவினால் தோல்போல் விறைப்பாக இருக்கும் இலையை அதிகாலையில் அடியோடு வெட்டி உடனே நீரில் வையுங்கள்; இரண்டு வாரமாவது நிற்கும். வெட்டும் கத்தி வேர்த்தண்டின் நுனியில் படக்கூடாது.