வாசகர் கேள்வி – பதில்: விதி இருந்தும் மீறல் ஏன்?

கேள்வி: பொறுப்பான வணிக நடத்தைக்கென நெறிகள் பல இருந்தும், மீறல்கள் தொடர்வது ஏன்?

பதில்: 1976இல் வந்த ஓஇசிடி (பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சிக்கான நாடுகளின் அமைப்பு) வழிகாட்டுதல்களோ, வணிகமும் மனித உரிமைகளும் குறித்து 2011இல் ஐ.நா. மனித உரிமைகள் மன்றம் ஏற்ற நெறிகளோ நிறுவனங்களைச் சட்டப்படி கட்டுப்படுத்துவதில்லை. அதைவிடப் பெரிய சிக்கல், பொருளை வாங்கும் நிறுவனம் ஒரு நாட்டிலும், உற்பத்தியாளர் வேறொரு நாட்டிலும், அவரிடம் துணை ஒப்பந்தம் பெற்றவர் எந்தப் பதிவேட்டிலும் இல்லாமலும் இருப்பதே. 2013இல் வங்கதேசத்தின் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அங்கிருந்த சில ஆடைத் தொழிற்கூடங்கள் பணிநிலைமை குறித்து ஏற்கெனவே தணிக்கை (ஆய்வு) செய்யப்பட்டவைதாம், ஆனால் கட்டடத்தின் உறுதியைச் சோதிப்பது அத்தணிக்கையின் வரம்பில் இல்லை. (சுவர் விரிசலைத் தொழிலாளர்கள் இடிவதற்கு முந்தைய நாளே பார்த்திருந்தார்கள்.) பிரான்ஸ் 2017இல் இயற்றிய சட்டம், ஒப்பந்ததாரர்களால் நேரும் அபாயங்களையும் கண்டறிந்து தடுக்கும் கடமையைப் பெருநிறுவனங்கள் மீது சுமத்துகிறது, ஆயினும் நிறுவனத்தின் கவனக்குறைவை நிரூபிக்கும் சுமை பாதிக்கப்பட்டவர் தலையிலேயே விழுகிறது.