ஆண்டு மதிப்பீட்டுக்கு எப்படித் தயாராவது?

கேள்வி: பிரிட்டனில் மருத்துவராகப் பணிபுரிகிறேன். முதல் ஆண்டு மதிப்பீடு நெருங்குகிறது. எவற்றைத் திரட்டி வைக்க வேண்டும்?

பதில்: அங்கு 2012 டிசம்பரில் தொடங்கிய முறைப்படி, பொது மருத்துவக் கவுன்சில் மருத்துவரின் உரிமத்தைப் பொதுவாக 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை மறு உறுதி செய்கிறது, ஆண்டு மதிப்பீடுகளே அதற்கு அடிப்படை. தொடர்கல்வி, தர மேம்பாட்டுப் பணி, குறிப்பிடத்தக்க நிகழ்வுகள் (நோயாளிக்குத் தீங்கு நேர்ந்த அல்லது நேர்ந்திருக்கக்கூடிய எதிர்பாராத சம்பவங்கள்), நோயாளிகளும் சக பணியாளர்களும் தந்த கருத்துகள், பாராட்டுகள், புகார்கள் ஆகியவற்றுக்கான ஆவணங்களை, நோயாளியின் அடையாளம் வெளிப்படாதவாறு திரட்டுங்கள். ஆயினும், ஒரு புகாரோ தவறிய நோயறிதலோ உங்கள் நடைமுறையில் எதை மாற்றியது என்று நேர்மையாக எழுதும் ஒரு பத்தி, சான்றிதழ்க் குவியலைவிட மதிப்பு மிக்கது என்றே உறுதியாகக் கருதுகிறேன். நோயாளிகளின் கருத்துகளை 5 ஆண்டுச் சுழற்சியில் ஒருமுறையேனும் முறையாகப் பெற வேண்டியிருப்பதால், அதனை இறுதி ஆண்டுக்கு ஒத்திவைக்காதீர்கள்.